பட்டா யார் பெயரில், தோழர்?

ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்ததும் ஆச்சியிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். தினமும் ஐந்து மணிநேரம் தோட்ட வேலை, அதற்கு மூன்று வேளை சாப்பாடும் படுக்க ஓர் அறையும், சம்பளம் கிடையாது, இதற்குத் தன்னார்வப் பணி என்று பெயர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஏட்டி, சோத்துக்கு வேல பாக்கதுக்கா பிளேன் ஏறிப் போன? அத நாங்க இங்கனயே பாத்தோம்லா."

சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய் பாயும் வயல்களில் பண்ணையாளாக இருந்தவள் ஆச்சி. அவளும் சோற்றுக்கும் குடிசைக்கும்தான் உழைத்தாள். கிளம்பும்போது எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அவளுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், நண்பர்கள் சிலர் தாமிரபரணிக் கரையில் "கூட்டுப் பண்ணை" ஒன்று தொடங்கப் போகிறார்கள். பாரம்பரிய நெல், கூட்டுச் சமையல், நகரத்திலிருந்து வார இறுதியில் வந்து நாற்று நடும் தன்னார்வலர்கள். ஜெர்மானியக் கூட்டுறவை நேரில் பார்த்தவள் என்பதால் ஆலோசனை சொல்லக் கூப்பிடுகிறார்கள். என் ஆலோசனை இதுதான். கொஞ்சம் கசக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்காகப் போயிருந்த நான் 2023 டிசம்பர் விடுமுறையை காஸல் நகருக்கு அருகே ஒரு கிராமக் கூட்டுறவுப் பண்ணையில் கழித்தேன். நாலரை மணிக்கே இருட்டிவிடும். உறைந்த மண்ணிலிருந்து லீக் கீரையைப் பிடுங்க வேண்டும், விரல் மரத்துப்போகும். விறகு அடுக்குவது, கேரட்டைக் கழுவிப் பெட்டியில் போடுவது, மாட்டுக் கொட்டிலில் சாணம் அள்ளுவது எல்லாம் உண்டு. என் பக்கத்தில் சாணம் அள்ளியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். அவர் முகத்தில் எந்த அசூயையும் இல்லை. நம்மூர்ப் பேராசிரியர்களை அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். மதியம் ஒரே மேசை, ஒரே பானை.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது அவர்களது ஏல முறை. ஆண்டுக்கு ஆகும் மொத்தச் செலவை முதலில் எல்லோர் முன்பும் வைக்கிறார்கள். தன்னால் மாதம் எவ்வளவு தர முடியும் என்று ஒவ்வொருவரும் சீட்டில் பெயர் போடாமல் எழுதிப் போடுகிறார். கூட்டிப் பார்த்துக் குறைந்தால் மறுபடியும் சீட்டு. தொகை நிரம்பும்வரை சுற்று தொடரும். இல்லாதவர் குறைவாகத் தருகிறார், அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. காய்கறிப் பங்கு எல்லோருக்கும் ஒன்றே.

டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மூழ்கியபோது நான் அங்கேதான் இருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. சில நாட்கள் கழித்துத்தான் அம்மாவிடம் பேச முடிந்தது. பிசானத்துக்கு நட்ட வயலெல்லாம் போய்விட்டது என்றாள். யார் வயல் என்று கேட்டேன். யார் வயலாக இருந்தால் என்ன, நட்டது நாங்கள்தானே என்றாள். பயிர்ச்சேத நிவாரணத்துக்குப் படிவம் உண்டு, அதில் சர்வே எண் எழுத வேண்டும். வேலை போன நாட்களுக்கு எந்தப் படிவமும் கிடையாது.

அந்த வாரமே ரயில் பிடித்து ரைன் நதிக்கரையின் நாய்வீட் நகருக்குப் போனேன். கூட்டுறவு வரலாற்றை ஆய்வு செய்கிறவளுக்கு அது ஒருவகைக் கோயில். 1846-47 பஞ்சக் குளிர்காலத்தில் பக்கத்து மலைப்பகுதியின் வெயர்புஷ் ஊரில் மேயராக இருந்த ரைஃபைசன், வசதியுள்ளவர்களிடம் நிதி திரட்டி ஏழைகளுக்குக் கடனாக ரொட்டி கொடுக்கும் சங்கம் தொடங்கினார். 1864இல் இன்றைய நாய்வீட்டின் பகுதியான ஹெடஸ்டோர்ஃபில் கடன் சங்கம் அமைத்தார். ஊரார் எல்லோரும் ஒருவர் கடனுக்கு இன்னொருவர் வரம்பின்றிப் பொறுப்பு. இதுதான் அவர் முறையின் உயிர். அவருடைய விவசாயிகள் கடனாளிகள்தான், ஆனாலும் அவர்கள் கையில் துண்டு நிலமாவது இருந்தது. அந்த வட்டத்துக்கும் வெளியே ஆட்கள் இருந்தார்கள். ரைஃபைசனிடம் யூத வெறுப்பு இருந்தது. 1933இல் நாஜிகள் கொண்டுவந்த பரம்பரைப் பண்ணைச் சட்டம், 1800 வரை "ஜெர்மானிய ரத்தம்" என்று நிரூபித்தவனை மட்டுமே விவசாயி என்று ஒப்புக்கொண்டது. நாட்டின் வேளாண் கூட்டுறவுகளையும் அதே ஆண்டு நாஜி வேளாண் அமைப்புக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

இந்த ரைஃபைசனைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது சென்னை மாகாண அரசு. 1892இல் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை ஐரோப்பிய வேளாண் வங்கிகளை ஆராயப் பணித்தது. 1895இலும் 1897இலும் அவர் அறிக்கை வெளியானது. ஊருக்கு ஊர் ஒரு ரைஃபைசன் கிடைத்தால் போதும் என்பதே அதன் சாரம். அதே 1892இல், அதே அரசின் மேசையில் இன்னொரு கோப்பும் இருந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர்கள் நிலமற்ற அடிமைகளாக இருப்பதைப் பற்றி எழுதிய குறிப்பு அது. அதன் விளைவுதான் அந்த ஆண்டு செப்டம்பர் 30 அரசாணையும் பஞ்சமி நிலமும்.

இரண்டு கோப்புகளும் என்ன ஆயின? நிக்கல்சன் கோப்பு 1904இல் சட்டமானது. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து சங்கம் அமைக்கலாம். பதிவாளர் அனுமதித்தால் ஒரே சாதிக்காரர்கள் சேர்ந்தும் அமைக்கலாம் என்று அந்தச் சட்டமே சொன்னது. ஒளிவுமறைவே இல்லை. இன்று தமிழ்நாடு முழுக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. திரமென்ஹீர் கோப்பின் நிலங்களைத் தலித் அல்லாதார் கைப்பற்றினார்கள். மீட்கக் கேட்டவர்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

நிலம் தந்த கோப்பு தோற்று, கடன் தந்த கோப்பு மட்டும் ஜெயித்த ஊரில் கூட்டுறவு எப்படி இருக்கும்? எங்கள் ஊரைப் பாருங்கள். பயிர்க்கடனுக்குச் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும். எங்கள் தெருவில் அவை இல்லை. எங்களுக்குக் கூட்டுறவு என்றால் ரேஷன் கடை, மிஞ்சினால் அடகு வைக்கத் தோடு இருக்கும்போது நகைக்கடன். 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தார்கள். 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குப் பலன் என்றார்கள். நல்லதுதான், நான் எதிர்க்கவில்லை. கடனே கொடுக்காதவர்களுக்கு எதைத் தள்ளுபடி செய்வது? ஒருவர் கடனுக்கு ஊரே பொறுப்பு என்றாரே ரைஃபைசன், டீக்கடையில் தனிக் குவளை வைத்த ஊர் யாருக்குப் பொறுப்பேற்கும்?

கூட்டு வாழ்க்கைச் சோதனையும் இந்தக் கரைக்குப் புதிதில்லை. 1922இல் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் இதே சேரன்மகாதேவியில்தான் இருந்தது. காங்கிரஸ் பணம், தேசியக் கல்வி, உடலுழைப்பு, எளிய வாழ்க்கை எல்லாம் இருந்தன. சோற்றுப் பந்தியில் மட்டும் பார்ப்பனப் பிள்ளைகள் தனியே. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கேள்வி கேட்ட பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தது.

நாய்வீட்டிலிருந்து ஒரு மணிநேரத்துக்குள் பான் நகரம். 1921இல் அம்பேத்கர் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பதிந்துகொண்டார். படிப்பை அங்கே தொடரவில்லை. ரைஃபைசனின் நாட்டை அவர் சுற்றிப் பார்த்தாரா என்பது என் ஆய்வில் வராது. 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' எழுதியபோது அவர் கூட்டுப் பண்ணையைத்தான் முன்வைத்தார். ஆனால் அவர் தொடங்கும் இடமே வேறு. முதலில் விவசாய நிலம் முழுவதும் அரசுடைமை. பிறகு சாதி, மத வேறுபாடு பாராமல் ஊராருக்குக் குத்தகை. நிலக்கிழாரும் குத்தகையாளும் நிலமற்ற கூலியும் இல்லாத நிலையில் அவர்கள் கூட்டாகப் பயிரிட வேண்டும். நம் நண்பர்களின் திட்டத்தில் அந்த முதல் வரியைக் காணோம். "நிலம் நம்ம மாமாவோடதுதான், பிரச்சினை இல்ல" என்கிறார்கள். அதுதானே பிரச்சினை.

கூட்டுறவு வேண்டும் என்றால் அண்ணாந்து மலையைப் பாருங்கள். மாஞ்சோலைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் பாம்பே பர்மா நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காடு அது. கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23 அன்று நடந்த ஊர்வலத்தைத் தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டினார்கள்; 17 பேர் செத்தார்கள். 2024இல் விருப்ப ஓய்வு என்று சொல்லிக் கீழே இறக்கினார்கள். அரசின் டான்டீ ஏற்று நடத்தட்டும் என்ற கோரிக்கையை அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. புலிகள் காப்பகம் என்பது காரணம். மூணாறில் 2005இல் டாட்டா விலகியபோது தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கி ஒரு கம்பெனி உண்டானது. அதில் ஆயிரம் குறை சொல்லலாம். மாஞ்சோலைக்கு அந்தக் குறையுள்ள வழியைக்கூட யாரும் திறக்கவில்லை. வார இறுதிக் கூட்டுறவுக்காரர்கள் ஒருவரும் அப்போது மேலே ஏறி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன், தோழர்களே. ஆச்சியையும் கூட்டி வருகிறேன்; நாற்று நடச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றீர்களே. அவளுக்கு நாள்கூலி உண்டா, பங்கு உண்டா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். சிட்டா நகல் ஒன்றையும் மேசையில் எடுத்து வையுங்கள்.