ஏழு நிமிட ஆலோசனையும் ஏழு மாத உதவித்தொகையும்

கல்வி நிலையங்களில் தொடரும் தற்கொலைகளைத் தடுப்பதற்கென உச்சநீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்றுவந்த 17 வயது மாணவியின் மரணத்தை சிபிஐ விசாரிக்க வேண்டுமெனக் கோரி அவருடைய தந்தை தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு இது. உரிய சட்டம் இயற்றப்படும் வரை பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம், பயிற்சி மையம், விடுதி அனைத்தையும் இவை கட்டுப்படுத்தும். தீர்ப்பை வரவேற்கிறோம். ஆனால் அரசு செய்திருக்க வேண்டிய வேலையை நீதிமன்றம் ஏன் செய்ய நேர்ந்தது என்று கேட்காமல் கடந்துவிட முடியாது.

சட்டம் இல்லாமலில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியளிக்கும் மருத்துவ சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை 18-ஆவது பிரிவின் மூலம் ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. தற்கொலைகளைக் குறைக்கும் திட்டங்களை வகுத்து நிறைவேற்றுவது அரசின் கடமை என்கிறது 29-ஆவது பிரிவு. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தியை வெளியிட்டு, 2030-க்குள் இம்மரணங்களை 10 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தது. அதே 2022-இல் உயிரிழந்த மாணவர்கள் 13,044 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அவ்வாண்டு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து 11,290 பேர். விவசாயிகளின் மரணத்தை வேளாண் நெருக்கடி என்று நாடறியச் செய்தவர்கள் நாம். அதைவிடப் பெரிய எண்ணிக்கையைக் கல்வி நெருக்கடி என்று சொல்ல இன்னும் தயங்குகிறோம். அடுத்த ஆண்டான 2023-இன் கணக்கை அரசு 2025 செப்டம்பர் இறுதியில்தான் வெளியிட்டது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

இனித் தீர்ப்பின் உள்ளடக்கத்தைப் பார்ப்போம். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். மாணவருக்கும் ஆலோசகருக்கும் உகந்த விகிதம் தேவை என்று தீர்ப்பு சொல்கிறது. அந்த விகிதம் எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லவில்லை. நிர்வாகங்கள் எதைப் பிடித்துக்கொள்ளும் என்பதை யூகிப்பது கடினமன்று. பத்தாயிரம் பேர் பயிலும் பல்கலைக்கழகத்தில் ஒரே ஓர் ஆலோசகர் இருப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 200 வேலைநாள், நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் அவர் இடைவிடாமல் மாணவர்களோடு பேசினாலும் மொத்தம் 1,200 மணி நேரம். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு ஏழு நிமிடங்கள் கிடைக்கும். எல்லோருக்கும் ஆலோசனை தேவைப்படாது என்பது உண்மைதான். பத்தில் ஒருவர் மட்டுமே நாடி வந்தாலும் ஓராண்டு முழுவதற்கும் 72 நிமிடங்கள். ஒரே ஒரு அமர்வு. அதுவும் பகலில், வேலைநாளில். நெருக்கடியோ பெரும்பாலும் அலுவலகம் பூட்டிய பின், விடுதி அறையின் தனிமையில் வருகிறது.

ஆலோசகர் யாருடைய ஊழியர் என்பது எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்வி. ஒப்பந்த அடிப்படையில், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் பணியில், துணைவேந்தரின் தயவில் இருப்பவரிடம் ஒரு மாணவி தன் ஆய்வு நெறியாளரைப் பற்றி எதை நம்பிச் சொல்வாள்? முனைவர் பட்ட ஆய்வில் நெறியாளரின் கையொப்பம் இல்லாமல் முன்னேற்ற அறிக்கை நகராது, உதவித்தொகை வராது, ஆய்வேடு ஏறாது. ஒரு மனிதரின் கையில் இன்னொருவரின் ஐந்தாண்டு வாழ்க்கையை ஒப்படைத்துவிட்டு, மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வது என்ன வகைப் பராமரிப்பு? மனநல விவரங்களின் இரகசியத்தை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. ஆலோசகர் நிர்வாகத்திற்கு அறிக்கை தரும் ஏற்பாடு நீடிக்கும்வரை அந்த உரிமை வளாகத்திற்குள் நுழையாது.

தேர்வுப் பயத்தை வெல்வது குறித்துப் பிரதமர் 2018-இல் நூல் எழுதினார். ஆண்டுதோறும் ‘பரீட்சா பே சர்ச்சா’ நடத்துகிறார். இவ்வகை உபதேசங்கள் எல்லாவற்றிலும் ஓடும் சரடு ஒன்றே: மாணவனே, மாற வேண்டியவன் நீ, கல்வி நிலையம் அப்படியே இருக்கும்.

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் நடந்ததை இந்த உபதேசத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2015 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா, வளாகத்தில் ‘தேசவிரோத’ச் செயல்கள் நடப்பதாகக் கல்வித் துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அமைச்சகம் பல்கலைக்கழகத்திற்கு அடுத்தடுத்துக் கடிதம் அனுப்பியது. அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், பொது இடங்களில் நுழையத் தடை விதிக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான ரோஹித் வெமுலாவுக்கு ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், நிலுவையில் இருந்தது. 2016 ஜனவரி 17 அன்று அவர் உயிரிழந்தார். பின்னர் ஒன்றிய அரசு அமைத்த ரூபன்வால் ஆணையம், மரணத்திற்குத் தனிப்பட்ட விரக்தியே காரணம் என்றும், அமைச்சர்களுக்கும் நிர்வாகத்திற்கும் பொறுப்பில்லை என்றும் அறிக்கை தந்தது. 2024 மே மாதம், காங்கிரஸ் ஆட்சியிலிருந்த தெலங்கானாவில் காவல்துறை வழக்கை முடித்துவைக்க அறிக்கை தாக்கல் செய்தது. அவர் தலித்தே அல்லர் என்றும் அதில் எழுதியது. எதிர்ப்பு கிளம்பிய பின்னரே மேல்விசாரணை அறிவிக்கப்பட்டது. அன்று அந்த வளாகத்தில் ஆலோசகர்கள் நூறு பேர் இருந்திருந்தாலும் ஏழு மாத உதவித்தொகையை அவர்களால் கொடுத்திருக்க முடியாது, பூட்டிய விடுதி அறையைத் திறந்திருக்கவும் முடியாது.

இது ஒற்றை நிகழ்வன்று. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் நிலவிய சாதிப் பாகுபாட்டைத் தோரட் குழு 2007-இலேயே ஆவணப்படுத்தியது. 2019-இல் மும்பையில் பழங்குடி மருத்துவ மாணவி பாயல் தத்வி உயிரிழந்தார். ரோஹித்தின் தாயாரும் பாயலின் தாயாரும் அதே ஆண்டில் உச்சநீதிமன்றத்தை நாடினார்கள். பாகுபாட்டுக்கு எதிராக யுஜிசி 2012-இல் தானே வகுத்த விதிகளைச் செயல்படுத்தச் செய்யுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. தில்லி ஐஐடியில் 2023-இல் உயிரிழந்த பட்டியல் சாதி மாணவர் இருவரின் பெற்றோர், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்படுவதற்கே 2025 மார்ச் வரை, உச்சநீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. அந்த வழக்கில்தான் முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைக்கப்பட்டது.

உயிரோடு வெளியேறியவர்களின் கணக்கும் உண்டு. ஒன்றியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்கள் ஆகியவற்றிலிருந்து ஐந்தாண்டுகளில் 13,626 பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் இடைநின்றதாகக் கல்வி அமைச்சகம் 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் உள்ளன, அதனால் இடம் மாறுகிறார்கள் என்பதே அமைச்சகம் தந்த விளக்கம். சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022 டிசம்பரில் நிறுத்திய அரசு, வாய்ப்புகளைப் பற்றிப் பேசுகிறது.

இதுவரை எழுதியவற்றில் தோழர்களுக்கு மறுப்பு இருக்காது. இனி எழுதுவதில் இருக்கலாம்.

மனநலம் நடுத்தர வர்க்கத்தின் கவலை, போராட்டமே மருந்து, ஆலோசனை என்பது மாணவரைத் தனிமைப்படுத்தும் முதலாளித்துவ ஏற்பாடு என்று பேசும் போக்கு நம்மிடையே உண்டு. இது இடதுசாரித்தனம் போல் ஒலிக்கும் அலட்சியம். நிமோனியா கண்ட தோழரிடம் குடியிருப்பு நிலைமை மாறும்வரை பொறு என்று நாம் சொல்வதில்லை. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம், குடியிருப்புக்காகவும் போராடுகிறோம். பாரிஸ் காவல்துறை ஆவணக் காப்பாளர் பெஷேயின் குறிப்புகளிலிருந்து தற்கொலை பற்றிய பகுதிகளை 1846-இல் எடுத்து வெளியிட்டவர் இளம் மார்க்ஸ். அதில் இடம்பெறும் நான்கு நிகழ்வுகளில் மூன்று பெண்களைப் பற்றியவை. சமூகத்தின் நோயைத் தனிமனிதத் துயரத்தின் வழியே காண அவர் தயங்கவில்லை. அத்துயரத்தை நடுத்தர வர்க்கக் கவலை என்று ஒதுக்கவும் இல்லை. இன்றிரவு நெருக்கடியில் இருக்கும் மாணவருக்கு இன்றிரவே ஒரு மனிதரும் ஒரு மருத்துவரும் வேண்டும். மனச்சோர்வு சிகிச்சைக்கு உட்பட்ட நோய். நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் கடந்துபோகக் கூடியது. அந்த நேரத்தில் உடனிருப்பது ஓர் உயிரைக் காக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாணவர் இறந்த மறுநாள் அவருடைய படத்தைப் பெரிதாக்கி, கடைசிக் கடிதத்தை வரி வரியாகச் சுவரொட்டியாக்கி, தியாகி என்று முழங்கும் வழக்கம் நம் மாணவர் அமைப்புகளிலும் இருக்கிறது. குற்றவாளிகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவது நம் கடமை. அதில் சமரசம் வேண்டாம். மரணத்தை மகிமைப்படுத்துவது வேறு. அதே விடுதியில் அதே வேதனையோடு சுவரொட்டியைப் படிக்கும் இன்னொரு மாணவருக்கு அது என்ன சொல்கிறது? உயிரோடிருந்தபோது கேட்கப்படாத குரல் இறந்தால் கேட்கப்படும் என்கிறது. இறந்த விதத்தையும் இடத்தையும் விவரிப்பது ஆபத்தானது என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களை எச்சரித்துவருகிறது. நம் துண்டறிக்கைகளுக்கும் அது பொருந்தும். எழுத வேண்டியவை நிறுத்தப்பட்ட உதவித்தொகை, கிடப்பில் போடப்பட்ட புகார், அவற்றுக்குப் பொறுப்பான அதிகாரி ஆகியவை.

மாணவர் அரங்கில் பணியாற்றும் தோழர்கள் சில காரியங்களை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம். ஒவ்வொரு விடுதிக் கிளையிலும் இருவரேனும், துயரத்தில் இருப்பவரோடு பேசப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். சாக எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. கேட்க வேண்டும், தனியே விடக்கூடாது, மருத்துவரிடம் உடன் செல்ல வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது, 20 மொழிகளில் பேசலாம். தில்லியிலோ கான்பூரிலோ படிக்கும் தமிழ் மாணவர் தமிழிலேயே பேச முடியும் என்பது சிறிய விஷயமன்று. அந்த எண் ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் இருக்கட்டும். அரசின் எண் என்பதற்காக நாம் அதைத் தவிர்க்க வேண்டியதில்லை.

நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டியவை வேறு. ஆலோசகர் பணி நிரந்தரமானதாக, மாணவர் எண்ணிக்கைக்கேற்ற நிலையான விகிதத்தில், துணைவேந்தரின் அதிகாரத்திற்கு வெளியே இருக்க வேண்டும். சிகிச்சைக்காக விடுப்பு எடுப்பவர் விடுதியையும் உதவித்தொகையையும் இழக்கக் கூடாது. ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடங்கள், ஒதுக்கீட்டு இடங்கள் உட்பட, நிரப்பப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இம்மாதமே மூன்று கேள்விகளை அனுப்பலாம்: இந்நிறுவனத்தில் ஆலோசகர்கள் எத்தனை பேர், அவர்களில் நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர்? 2012-ஆம் ஆண்டு யுஜிசி விதிகளின்படி பெறப்பட்ட சாதிப் பாகுபாட்டுப் புகார்கள் எத்தனை, எடுத்த நடவடிக்கை என்ன? மூன்று மாதங்களுக்கு மேல் உதவித்தொகை நிலுவையில் உள்ள மாணவர்கள் எத்தனை பேர்? பதில் வர வேண்டிய கெடு 30 நாள்.