மன்னிப்புக் கேட்டாயிற்று, பரிகாரம் எங்கே?

ஒவ்வொரு பங்கிலும் இறந்தோர் பதிவேடு ஒன்று உண்டு. அடக்கச் சடங்கு முடிந்ததும் இறந்தவரின் பெயரை அதில் எழுத வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். பிறந்து சில நாழிகையே வாழ்ந்த குழந்தைக்கும் அதில் ஒரு வரி உண்டு. நவம்பர் மாதத்தில் இறந்தோரின் பெயர்களை வாசித்து மன்றாடுகிறோம். பெயர்சொல்லி அழைக்கும் இறைவனை நம்புகிறவர்கள் எவருடைய பெயரையும் தொலைத்துவிடலாகாது என்பதே இவ்வழக்கத்தின் உட்பொருள்.

இந்த நம்பிக்கையில் வளர்ந்த எமக்கு, கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட அறிக்கையின் ஒரு செய்தி நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென நடத்தப்பட்ட வதிவிடப் பாடசாலைகளில் ஏறத்தாழ 3,200 பிள்ளைகள் இறந்ததை ஆணைக்குழு ஆவணங்களிலிருந்தே கண்டறிந்தது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரின் பெயர் எழுதி வைக்கப்படவில்லை. ஏறத்தாழப் பாதிப்பேர் எதனால் இறந்தனர் என்ற குறிப்பும் இல்லை. பணம் கொடுத்தது அரசு. பாடசாலைகளை நடத்தியவை கிறிஸ்தவ சபைகள். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றை நடத்தியவர்கள் எம் கத்தோலிக்கத் துறவியரும் மறைமாவட்டங்களுமே. ஒரு பெயரையும் தவறவிடாத திருச்சபையின் கைகள் அங்கே ஏன் எழுதாமல் விட்டன?

1880களிலிருந்து 1990களின் பிற்பகுதி வரை ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் இப்பாடசாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1920ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்பின், 7 முதல் 15 வயது வரையான பிள்ளையை அனுப்ப மறுத்த பெற்றோர் தண்டனைக்கு உள்ளாயினர். அச்சட்டத்தின் பின்னின்ற உயர் அதிகாரி டங்கன் காம்பெல் ஸ்கொட், கனடாவின் பெயர்பெற்ற கவிஞருங்கூட. பொதுச் சமுதாயத்துள் கரைந்துபோகாத பூர்வகுடி மனிதர் ஒருவரும் எஞ்சியிராத நிலை வரும்வரை இக்கொள்கை தொடரும் என்று அவர் பாராளுமன்றக் குழுவின்முன் ஒளிவுமறைவின்றிக் கூறினார். கவிதை எழுதத் தெரிந்தவர் பிறர் மொழிகளின் சாவுக்குத் திட்டமிட இயலுமா என்று இலக்கிய அன்பர்கள் கேட்கலாம். இயலும் என்கிறது வரலாறு.

பாடசாலை வாயிலில் பிள்ளையின் கூந்தல் வெட்டப்பட்டது. வீட்டு உடை பறிக்கப்பட்டது. பெயரோடு, சில இடங்களில் பெயருக்குப் பதிலாகவே, ஓர் எண் தரப்பட்டது. தாய்மொழியில் பேசினால் அடி விழுந்தது. 1973இல் பிலிஸ் வெப்ஸ்ராட் என்னும் 6 வயதுச் சிறுமி, பாட்டி வாங்கிக் கொடுத்த செம்மஞ்சள் நிறச் சட்டையை அணிந்து பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்த கத்தோலிக்க வதிவிடப் பாடசாலை ஒன்றுக்குப் போனாள். முதல் நாளே அச்சட்டை கழற்றி எடுக்கப்பட்டது, திரும்பக் கொடுக்கப்படவேயில்லை. இன்று செப்டெம்பர் 30ஆம் நாளன்று கனடா மக்கள் செம்மஞ்சள் சட்டை அணிவது அவள் பொருட்டே.

இவற்றைச் சொல்லும்போதெல்லாம் எம்மவர் சிலர் சில மறுமொழிகளை ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். குருக்களிடமிருந்தே அவற்றைக் கேட்டிருக்கிறோம். அவற்றை விட்டுவிட எமக்கு மனமில்லை.

“அவர்களின் எண்ணம் நல்லது” என்பது முதல் மறுமொழி. இருக்கலாம். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அல்பேர் லக்கோம்ப் அடிகளார் கிறீ மக்களோடு வாழ்ந்து, அவர்கள் மொழியைக் கற்று, அகராதியும் இலக்கணமும் எழுதி 1874இல் வெளியிட்டவர். அதே அடிகளார் 1884இல் அல்பேர்ட்டாவின் டன்போ என்னுமிடத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான தொழிற்பாடசாலையின் முதல் அதிபரானார். பத்தே ஆண்டுகள்! ஒரு மொழிக்கு அகராதி செய்த கையே, அம்மொழியைப் பிள்ளைகளிடமிருந்து பிரிக்க எழுந்த ஏற்பாட்டின் கதவைத் திறந்து வைத்தது. மறைபரப்பாளர் மாறிவிட்டாரா? இல்லை, அவர் யாருடன் கைகோத்தார் என்பதுதான் மாறியது. அரசு 1890களில் பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று மானியம் வழங்கத் தொடங்கியபின், பாடசாலையை நிரப்புவதே பாடசாலையைக் காப்பதாயிற்று. நோயுற்ற பிள்ளையும் கணக்கில் ஒரு தலையே. நல்லெண்ணம் அரசின் சம்பளத்தைப் பெறத் தொடங்கும்போது யாருக்குப் பணி செய்கிறது என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

“அது அந்தக் காலம், அன்று யாருக்கும் தெரியாது” என்பது இரண்டாவது. தெரியும். 1907இல் மருத்துவர் பீற்றர் பிறைஸ் 15 பாடசாலைகளை ஆய்ந்து அரசுக்கு அறிக்கையளித்தார். அவர் கணக்கெடுத்த 1,537 மாணாக்கரில் 24 விழுக்காட்டினர் இறந்திருந்தனர், பெருங்காரணம் சயரோகம். அரசு அவரை ஒதுக்கியது. 1922இல் அவர் அதனைத் தேசியக் குற்றம் என்றே பெயரிட்டு நூலாக வெளியிட்டார். திருச்சபைக்கோ இன்னும் முன்பே தெரியும். புறவினத்தார் கிறிஸ்தவராவதற்கு யூதராக மாற வேண்டியதில்லை என்று எருசலேம் சங்கத்தில் திருத்தூதர்கள் தீர்ப்பளித்தனர். பெந்தக்கோஸ்து நாளில் தூய ஆவியார் கேட்டோரின் மொழிகளைப் பறிக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே கேட்கச் செய்தார். அமெரிக்கப் பூர்வகுடியினர் உண்மையான மனிதர். அவர்களின் விடுதலையையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று திருத்தந்தை மூன்றாம் பவுல் 1537இலேயே எழுதினார். அறிந்திருந்தும் செய்தோம் என்பதே உண்மை.

மூன்றாவது மறுமொழி அண்மைக்காலத்தது. 2021இல் கம்லூப்ஸ் பாடசாலை நிலத்தில் ராடார் கருவி கொண்டு தேடியபோது, அடையாளமிடப்படாத புதைகுழிகள் இருக்கலாம் என்பதற்கான குறிகள் தென்பட்டன. அவை தோண்டி உறுதி செய்யப்படாததைக் காட்டி, எல்லாமே கட்டுக்கதை என்கிறார்கள். உறுதியாகாததை உறுதியானதென உரைத்தோர் தவறியிருக்கலாம். ஆயினும் அந்த 3,200 மரணங்களும் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவையல்ல. அரசும் சபைகளும் தாமே எழுதிய ஏடுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றை மறுப்பவர் எம் கையெழுத்தையே மறுக்கிறார்.

“நடந்தது முடிந்துவிட்டது” என்பாரும் உளர். முடியவில்லை. தாய் மடியில் வளராத பிள்ளை தாயாகும்போது மடியின் வழக்கத்தை எங்கிருந்து கற்பாள்? பேசியதற்காக அடிபட்டவர்கள், தம் மக்கள் அடிபடலாகாது என்றே அம்மொழியை அவர்களுக்குக் கொடுக்காமல் விட்டார்கள். 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, கனடாவின் 18 இலட்சம் பூர்வகுடியினருள் தம் மொழியொன்றில் உரையாட வல்லவர்கள் ஏறத்தாழ 2,37,000 பேரே. அந்நாட்டில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் பூர்வகுடியினர் 7.7 விழுக்காடு, வளர்ப்பு இல்லங்களில் வாழும் அவ்வயதுப் பிள்ளைகளுள்ளோ அவர்கள் 53.8 விழுக்காடு. பாடசாலைகள் மூடப்பட்டன, பிள்ளை வீட்டிலிருந்து எடுக்கப்படுவது நிற்கவில்லை.

“திருச்சபைதான் மன்னிப்புக் கேட்டுவிட்டதே” என்பது இறுதி மறுமொழி. ஆம். அமலமரித் தியாகிகள் 1991இல் கேட்டனர். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ற் 2009இல் தம் வருத்தத்தைத் தெரிவித்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் நடக்க இயலாத நிலையிலும் கனடாவுக்குச் சென்று, 2022 ஜூலை 25ஆம் நாள் மஸ்குவாச்சிஸ் மண்ணில் மன்னிப்பு வேண்டினார். அதற்காக நாம் இறைவனுக்கு நன்றி சொல்கிறோம். ஆனால் குருமடத்தில் எமக்குக் கற்பிக்கப்பட்டது என்ன? மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றும் இணைந்ததே ஒப்புரவு. களவாடியவன் தான் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் அறிக்கை மட்டும் செய்தால் அவன் மனத்துயர் மெய்யானதன்று என்று எம் மக்களுக்கு நாமே போதிக்கிறோம்.

இந்த அளவுகோலால் திருச்சபையை அளந்து பாருங்கள். 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையில், இயன்ற முயற்சி அனைத்தும் செய்து 2.5 கோடி டொலர் திரட்டுவதாகக் கத்தோலிக்க அமைப்புகள் வாக்களித்தன. திரண்டது 40 இலட்சம் டொலருக்கும் குறைவு. 2015இல் நீதிமன்றத் தீர்ப்பொன்று எஞ்சிய கடப்பாட்டிலிருந்து அவற்றை விடுவித்தது. சட்டத்தின்முன் விடுதலை, நற்செய்தியின்முன்? உலகறிய வெட்கப்பட்ட பின்னரே, 2021இல், ஐந்து ஆண்டுகளில் 3 கோடி டொலர் தருவதாக ஆயர்கள் உறுதியளித்தனர். முதல் வாக்கு எவ்வாறாயிற்று என்பதை அறிந்த பூர்வகுடியினர் இரண்டாம் வாக்கை ஐயத்தோடு நோக்கினால் அவர்களைக் குறைகூற எமக்கு வாயில்லை. 2025 நவம்பரில் வத்திக்கான் தன் அருங்காட்சியகத்திலிருந்து 62 பொருட்களைத் திருப்பி அனுப்பியது நற்செயலே. நூறாண்டு கழித்துப் பெட்டிகள் திரும்பின. பிள்ளைகளின் மொழி எப்போது திரும்பும்?

தொலைதூர நாட்டின் பழிக்கு எமக்கென்ன என்று கேளாதீர்கள். 1841இல் கனடாவுக்குச் சென்ற அதே அமலமரித் தியாகிகள் சபையே 1847இல் இலங்கைக்கும் வந்தது. எம் மண்ணில் அது கட்டிய கோயில்களையும் பாடசாலைகளையும் நன்றியோடு நினைக்கிறோம். நன்றியுடையவர்களே உண்மையையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். மேலும், எம் உறவுகள் பல்லாயிரவர் இன்று அந்நாட்டில் வாழ்கின்றனர். தம் பிள்ளைகள் தமிழை மறந்துவிடலாகாதென வார இறுதியில் வகுப்பு வைக்கின்றனர். 2016இல் கனடாப் பாராளுமன்றம் தைத்திங்களின் பொருட்டு ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றபோது மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம். அந்த வகுப்பறை நிற்கும் நிலத்தின் சொந்தக்காரர்கள் தம் மொழிக்காக அடிபட்டவர்கள் என்பதை அப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

சக்கேயு வருத்தம் தெரிவித்ததோடு நிற்கவில்லை. எவரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அதன்பின்னரே அவர் வீட்டுக்கு மீட்பு வந்ததென ஆண்டவர் அறிவித்தார். ஆகவே கனடாவிலுள்ள எம் மக்களிடம் நாம் கேட்பது இதுதான்: வரும் செப்டெம்பர் 30ஆம் நாள் உங்கள் பங்குத்தந்தையிடம் செல்லுங்கள். ஆயர்கள் தருவதாகச் சொன்ன நிதியில் உங்கள் மறைமாவட்டம் எவ்வளவு கொடுத்தது, அதில் எவ்வளவு பூர்வகுடி மொழிகளைக் கற்பிக்கச் செல்கிறது, பாடசாலை ஏடுகள் முழுமையாகக் கையளிக்கப்பட்டனவா என்று கேளுங்கள். பின்னர், பெயர் எழுதப்படாத அப்பிள்ளைகளுக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லி மன்றாட இயலாத அந்தத் திருப்பலியில், எம் பதிவேட்டின் வெற்று வரிகளுக்காக நாமும் இங்கிருந்தே மண்டியிடுகிறோம்.