அம்மம்மாவின் போன் யாருடையது?

வீட்டுக்குப் புதுப் போன் வந்தால் அதை அமைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவோம். அம்மம்மாவின் முதல் ஸ்மார்ட்போனையும் அப்படித்தான் அமைத்தேன். "தம்பி, இதில தமிழ் இருக்கோ?" என்று கேட்டா. "பிறகு பாப்பம்" என்றேன். மொழி ஆங்கிலம், கூகுள் கணக்கு என்னுடையது, பூட்டு எண்ணும் நான் போட்டது.

ஒரு மாதத்தில் அவவின் படங்களெல்லாம் என் கணக்கில் குவிந்திருந்தன. கோயில், மருந்துச் சீட்டு, கண்ணாடி முன் பழகிப் பார்த்த செல்ஃபிகள். நான் பார்ப்பது அவவுக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கினோம், இம்முறை அவவின் விரலால். ஆண்ட்ராய்டு முதலிலேயே மொழியைக் கேட்கும். தமிழைத் தொட்டால் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாடும் வரும். இலங்கையைக் கண்டதும் சிரித்தா. ஜிபோர்டில் தமிழைச் சேர்த்தோம். மைக்கைத் தட்டிப் பேசினாலே எழுத்தாகிறது. கணக்கு அவவின் பெயரில். வாட்ஸ்அப்பின் இருபடிச் சரிபார்ப்புக்கு 6 இலக்கங்களை அவவே தெரிந்தெடுத்தா.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"உனக்குமோ?"

"எனக்கும்தான்."

மறந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அலுமாரிக்குள் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறா.

இரண்டு மணித்தியாலம் போனது. அதுதான் சரியான நேரம் என்று நினைக்கிறேன். அடுத்தமுறை நீங்கள் பக்கத்தில் இருங்கள்; தட்டுவது அவர்களாக இருக்கட்டும்.