ஆதார் ஆணையத் தலைமை அதிகாரிக்குக் குற்றாலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமைச் செயல் அதிகாரி அவர்கள்,
இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம்,
புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா,

தென்காசி மாவட்டம் குற்றாலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைப்பவன் நான். சாரல் காலத்தில் என் கடை மிஷின் பாதி நாள் உங்கள் அட்டையைத்தான் நகல் எடுக்கிறது. உங்கள் புண்ணியத்தில் என் வீட்டில் உலை கொதிக்கிறது என்றே சொல்லலாம். அப்படிப்பட்டவனே "லாட்ஜுக்கு ஆதார் நகல் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள்" என்று எழுத வந்திருக்கிறேன் என்றால், கண்ணால் கண்டது அப்படி.

ஊரறிய எழுத எனக்கு ஆசையில்லை. முறைப்படி மனு கொடுத்தாயிற்று. எந்த அலுவலகம் என்று பெயர் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன். ஓரிடத்தில் "இது எங்க செக்‌ஷன் இல்லையே" என்றார்கள். அவர்கள் கைகாட்டிய இடத்தில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். கூடவே ஓர் ஆதார் நகலை இணைக்கச் சொன்னார்கள். ஆதார் நகல் கண்டவர் கையில் கிடக்கிறது என்ற மனுவுக்குத்தான் இது! இணைத்துக் கொடுத்தேன். சில வாரம் கழித்து, "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது" என்று போனில் குறுஞ்செய்தி வந்தது. என்ன பரிசீலித்தார்கள், எப்படி முடித்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அதை எழுதிய வீட்டிலேயே குடியிருப்பவர் நீங்கள். எங்கள் ஊரில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

போன சாரலில் மதுரைப் பக்கமிருந்து நான்கு குடும்பங்கள் ஒரு வேனில் வந்திறங்கின. இரவு 11 மணி. தூங்கி வழியும் பிள்ளைகள், முழங்கால் வலியோடு ஒரு பாட்டி, வெளியே விடாத தூறல். லாட்ஜ் கவுன்ட்டரில் இருந்த பையன் "எல்லார் ஆதாரும் வேணும்" என்றான். அந்நேரத்துக்கு ஜெராக்ஸ் கடை ஏது? "பரவால்ல, போட்டோ எடுத்துக்கிடுதேன்" என்று அட்டைகளை மேசையில் வரிசையாகப் பரப்பி, தன் சொந்த போனில் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தான். முன்பக்கம், பின்பக்கம். ரிஜிஸ்டரில் போன் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தான். அவர்களும் மறுநாள் ஐந்தருவியில் குளித்தார்கள், மங்குஸ்தான் வாங்கினார்கள், ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

சில வாரங்களில் அவர்களில் ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள் வந்தது. நள்ளிரவு 12 மணி அடித்த கையோடு, தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு வாழ்த்து. சுற்றிலும் பூ வளையம், நடுவில் அவர் முகம். அவர் எங்குமே பதிவிடாத முகம் அது. ஆதார் எடுத்த அன்று, நிமிர்ந்து உட்காரச் சொல்லி உங்கள் மையத்துக் கேமரா பிடித்த முகம். அதன் கீழே கணவர் பெயர். அதற்கும் கீழே, அவர் குடியிருக்கும் தெருவின் பெயரைச் சரியாக எழுதி, "ஒருநாள் அந்தப் பக்கம் வர்றேன் அக்கா" என்று ஒரு வரி.

அந்த எண்ணை பிளாக் செய்தார். வேறு எண்ணிலிருந்து வந்தது. அதையும் பிளாக் செய்தார். அதற்குப் பிறகு அந்தப் பெண் செய்ததையெல்லாம் கேளுங்கள். வாட்ஸ்ஆப் டிபியிலிருந்து தன் முகத்தை எடுத்துவிட்டு ஒரு ரோஜாப்பூவை வைத்தார். பேஸ்புக் கணக்கைப் பூட்டினார். பிள்ளையின் பள்ளி ஆண்டுவிழாப் படங்களைத் தேடித்தேடி அழித்தார். பல வருடமாக வைத்திருந்த போன் எண்ணையே மாற்றினார். பேங்க், கேஸ், ரேஷன், பள்ளிக்கூடம் என்று ஒவ்வோர் இடமாகப் புது எண்ணைப் பதிய அலைந்தார். ஆதாரில் எண்ணை மாற்ற உங்கள் மையத்தில் வரிசையில் நின்று, அதற்கும் கட்டணம் கட்டினார். எண்ணை மாற்றலாம், சரி. பிறந்த தேதியை எங்கே போய் மாற்றுவது?

இதெல்லாம் எனக்கெப்படித் தெரியும் என்றால், நியாயம் கேட்கக் கணவனும் மனைவியுமாகக் குற்றாலம் திரும்பி வந்தார்கள். புகாரோடு இணைக்க ஸ்கிரீன்ஷாட்டுகளை என் கடையில்தான் பிரின்ட் போட்டார்கள். "கலர் வேண்டாம் அண்ணாச்சி, கறுப்பு வெள்ளையே போதும். இதைக் கலர்ல வேற பாக்கணுமா?" என்றார் அந்த அம்மா.

லாட்ஜில் கிடைத்த பதில் இது: "அந்தப் பையனா? சீசன் பையன் அண்ணாச்சி. தண்ணி குறைஞ்சதும் போயிட்டான். எந்த ஊருன்னு சரியாத் தெரியாது." தங்க வந்த பாட்டியின் ஆதாரைக்கூட விடாமல் கேட்டு வாங்கிய லாட்ஜில், அதை வாங்கி வைத்தவனின் ஆதார் இல்லை.

அந்தப் பையன்தான் செய்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அவன் போன் யார் யார் கைக்குப் போனதோ, அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். அதுதான் இங்கே விஷயமே. ஜூனில் தென்மேற்குக் காற்று மலையில் மோதிச் சாரல் தொடங்கும்போது வேலைக்கு ஆள் வருகிறது. அருவியில் தண்ணீர் இளைக்கும்போது ஆள் போய்விடுகிறது. ரிஜிஸ்டர் லாட்ஜில் கிடக்கும். போன் ஆளோடு போய்விடும். கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்கினால் வேறு பையன்கள், வேறு போன்கள். காகிதமாக வாங்கிய நகல்களுக்கும் அதே கதிதான். ரிசப்ஷன் மேசைக்கு அடியில் கட்டுக்கட்டாகச் சேர்ந்து, இடம் அடைக்கிறது என்று ஒருநாள் பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏறுகின்றன. அடுத்த சாரலுக்கு வருபவர், போன சாரலுக்கு வந்தவரின் முகவரியில் சுண்டல் மடித்து வாங்கிப் போகலாம்.

ஐயா, இதையெல்லாம் உங்கள் ஆணையம் அறியாமல் இல்லை. நன்றாக அறிந்திருந்தது. அறிந்ததை ஒருமுறை வாய்திறந்து சொல்லியும் விட்டது. 2022 மே 27, வெள்ளிக்கிழமை. உங்கள் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தப்படலாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். உரிமம் பெறாத ஹோட்டல், சினிமா தியேட்டர் போன்றவை ஆதார் நகலை வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது, அது குற்றம் என்றது. நெட் சென்டர் கம்ப்யூட்டரில் இ-ஆதாரைப் பதிவிறக்கினால் அழித்துவிட்டுப் போங்கள் என்று என் போன்ற கடைக்காரனுக்கும் சேர்த்து ஒரு கொட்டு வைத்தது. சரியான கொட்டுதான். இ-ஆதாரைத் திறக்கும் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தானே? ஆதார் நகல் கையில் இருப்பவனுக்கு இரண்டுமே அதில் அச்சாகியிருக்கிறது.

அந்த அறிவிப்பு எத்தனை நாள் உயிரோடு இருந்தது? மே 29, ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை என்றும் பாராமல் வாபஸ் வாங்கினீர்கள். மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறதாம். ஆதார் ஏற்பாட்டிலேயே தனியுரிமைக்குப் போதிய பாதுகாப்பு இருக்கிறதாம். எண்ணைப் பகிரும்போது மக்கள் வழக்கமான முன்ஜாக்கிரதையோடு இருந்தால் போதுமாம்.

எங்கள் ஊர் வழியில் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். மலையில் மழை கொட்டி வெள்ளம் இறங்கும்போது அருவிக்கரையில் எச்சரிக்கை கொடுத்துக் கூட்டத்தை வெளியேற்றுவார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். எச்சரிக்கையின் விலை எங்களுக்குத் தெரியும். சைரனை ஊதிவிட்டு, "சைரனைத் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருப்பதால் அது வாபஸ் பெறப்படுகிறது, வழக்கமான முன்ஜாக்கிரதையோடு குளிக்கவும்" என்று ஓர் அதிகாரி மைக்கில் சொன்னால் இந்த ஊர் அவரைச் சும்மா விடுமா?

வழக்கமான முன்ஜாக்கிரதை என்றால் என்ன, அதிகாரி அவர்களே? இரவு 11 மணிக்கு அந்தப் பெண் என்ன செய்திருக்க வேண்டும்? "போட்டோ எடுக்காதே" என்றால் "ரூம் இல்லை" என்பான். சாரல் சனிக்கிழமையில் தென்காசி, செங்கோட்டை வரை அறை கிடைக்காது. பாட்டியையும் பிள்ளைகளையும் முன்ஜாக்கிரதையோடு வேனிலேயே படுக்கவைக்க வேண்டுமா?

மறைத்த ஆதாரைக் கொடுக்கலாமே என்பீர்கள். நானும் செய்து பார்த்தேன். அட்டையை மிஷினில் வைக்கும்போது முதல் எட்டு எண்ணின் மேல் ஒரு துண்டுப் பேப்பரை வைத்து நகல் எடுத்துக் கொடுப்பேன். போன வேகத்தில் திரும்பி வருவார்கள். "நம்பர் தெரியலையாம் அண்ணாச்சி, முழுசா வேணுமாம்." முழுசாகக் கேட்பது தப்பு என்று அந்த கவுன்ட்டருக்கு யார் சொன்னார்கள்? சொன்ன அறிவிப்பைத்தான் நீங்கள் திரும்ப வாங்கிக்கொண்டீர்களே. தவிர, எண்ணை மறைத்தாலும் முகமும் பிறந்த தேதியும் முகவரியும் அப்படியேதான் இருக்கின்றன. அந்தப் பெண்ணை விரட்டியது 12 இலக்க எண் அல்ல, மற்ற மூன்றும்தான்.

"போலீஸ் கேட்பாங்க" என்கிறார்கள் லாட்ஜ்காரர்கள். யார் வந்து தங்கினார்கள் என்று போலீஸுக்குத் தெரிய வேண்டியது நியாயம்தான். அதற்கு அட்டையைப் பார்த்துப் பெயரையும் ஊரையும் ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் போதாதா? பார்ப்பது வேறு, பிடித்து வைத்துக்கொள்வது வேறு. இந்த ஒன்றை நாடு முழுக்க உள்ள லாட்ஜ்களுக்குப் புரியும்படி சொல்ல உங்களைவிட்டால் யாருக்கு அதிகாரம்?

உங்களுக்கு வேகம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2017 மார்ச்சில் கிரிக்கெட் வீரர் தோனியின் ஆதார் விவரத்தைப் பதிவு மையத்தார் ட்விட்டரில் போட்டுவிட்டார்கள். அவர் மனைவி சாக்‌ஷி, அமைச்சர் ரவிசங்கர் பிரசாத்திடம் ட்விட்டரிலேயே முறையிட்டார். கையோடு அந்த மையத்தைப் பத்தாண்டுக்குக் கறுப்புப் பட்டியலில் வைத்தீர்கள். நல்லது. தோனி எங்களுக்கும் தலதான். ஆனால் அவருக்கு ஓர் ஆதார், மதுரைப் பெண்ணுக்கு வேறு ஆதாரா கொடுத்தீர்கள்?

2018 ஜூலையில் உங்கள் ஆணையத்தின் முதல் தலைமை இயக்குநராக இருந்த ஆர்.எஸ். சர்மா, தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் எனக்குத் தீங்கு செய்து பாருங்கள் என்று சவால்விட்டார். சற்று நேரத்தில் அவருடைய போன் எண், முகவரி, பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாக ஆட்கள் எடுத்துப் போட்டார்கள். அடுத்த சில நாளில், ஆதார் எண்ணை இணையத்தில் போடாதீர்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொன்னீர்கள். பெரியவர் ட்விட்டரில் போட்டது ஆபத்து. ஊர் பேர் தெரியாத பையன் போனில் ஊரார் அட்டையெல்லாம் கிடப்பது மட்டும் வழக்கமான முன்ஜாக்கிரதையில் அடங்கிவிடுமோ?

2025 ஏப்ரலில் புதிய ஆதார் செயலியைக் காட்டிய மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், இனி ஹோட்டலில் நகல் கொடுக்கும் வேலையே இல்லை என்றார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சாரலிலும் என் மிஷின் டோனர் காலியாகும்வரை ஓடியது. செயலி தில்லியில் திறந்தது. எங்கள் ரிசப்ஷன் மேசைக்கு வந்து சேரவில்லை.

உங்களிடம் பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. வாய்திறந்து சொன்ன உண்மையை மறுபடி சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள், லாட்ஜ் சுவரில் ஒட்டும்படி சொல்லுங்கள், இரண்டு நாளைக்கு மேல் நிற்கும்படி சொல்லுங்கள். முடியாது என்றால் ஒரு சாரலில் குடும்பத்தோடு இங்கே வாருங்கள். பதவியைச் சொல்லாதீர்கள், கெஸ்ட் ஹவுஸ் கேட்காதீர்கள். இரவு 11 மணிக்கு உங்கள் மகளின் அட்டையை, உங்கள் மனைவியின் அட்டையை அந்த மேசையில் வையுங்கள். போன் கேமரா அதன் மேல் குனியும்போது உங்கள் முன்ஜாக்கிரதை என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

அதுவரை நானே ஒரு போர்டு எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன்: "லாட்ஜில் ஆதாரைக் காட்டினால் போதும். நகலோ போட்டோவோ கொடுக்க வேண்டியதில்லை." வியாபாரம் கொஞ்சம் படுத்துவிட்டது. லாட்ஜ்காரர்கள் முறைக்கிறார்கள். "இதை எழுத நீ யார்?" என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்வி, எழுத வேண்டியவர் நீங்கள். போர்டில் இருப்பது தப்பு என்றால் ஒரு வரி எழுதிப் போடுங்கள், இறக்கிவிடுகிறேன். வாபஸ் வாங்குவதற்கு ஞாயிற்றுக்கிழமைகூடத் தடையில்லை என்று நீங்கள்தான் எங்களுக்குக் காட்டியிருக்கிறீர்களே.

இப்படிக்கு,
குற்றாலத்து ஜெராக்ஸ் கடைக்காரன்