30 மணி நேரம் படிச்சாச்சு. அமோனியா எங்கே?

1/ மக்களே, இது கொஞ்சம் நீளமான இழை. டாக்டர்களோட 'தொடர் மருத்துவக் கல்வி', அதாவது சிஎம்இ பத்தினது. "அது உங்க பிரச்னை, எங்களுக்கென்ன?"னு தாண்டிப் போயிடாதீங்க. மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ல குடியிருக்கீங்கன்னா இது உங்க நுரையீரல் சம்பந்தப்பட்ட விஷயம்.

2/ முதல்ல விதி. எம்பிபிஎஸ் முடிச்சதோட டாக்டர் படிப்பு முடியாது. 2002-ல் வந்த இந்திய மருத்துவக் கவுன்சிலின் நன்னடத்தை விதிகள்படி, ஒவ்வொரு டாக்டரும் 5 வருஷத்துல குறைஞ்சது 30 மணி நேரம் சிஎம்இ கூட்டங்கள்ல கலந்துக்கணும். நம்ம ஊர்ல அதுக்கு 'கிரெடிட் ஹவர்' கொடுக்கிறது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்.

3/ நல்ல விதிதான். நான் காலேஜ்ல படிச்சதுல பாதி இன்னைக்கு மாறிப்போச்சு. படிக்காத டாக்டர் ஆபத்தானவர், அதுல சந்தேகமே இல்லை. என் சண்டை 30 மணி நேரத்தோட இல்லை. அந்த 30 மணி நேரத்துல என்ன சொல்லித் தர்றாங்க, யார் காசுல சொல்லித் தர்றாங்கங்கிறதோடதான்.

4/ என் வாட்ஸ்அப்புக்கு வர்ற அழைப்பைப் பாருங்க. நட்சத்திர ஓட்டல் ஹால். புதுசா வந்த சர்க்கரை மாத்திரை. புது பிரஷர் மாத்திரை. கையெழுத்து, பை, பேனா, பிரியாணி, 2 கிரெடிட் ஹவர். சர்க்கரையும் பிரஷரும் முக்கியம்தான், மறுக்கலை. ஆனா விக்கிறதுக்கு மாத்திரை இருக்கிற நோய்க்குத்தான் ஹால் புக் ஆகுது.

5/ அமோனியாவுக்கு விக்க மாத்திரை இல்லை. அதனால அதுக்கு ஹாலும் இல்லை. போன 5 வருஷத்துல எனக்கு வந்த அழைப்புல 'வாயுக்கசிவு'ங்கிற வார்த்தை ஒருதடவைகூட இல்லை. நான் கிளினிக் வெச்சிருக்கிறது மணலியில்!

6/ மணலி எப்படிப்பட்ட ஊர்னு தெரியாதவங்களுக்கு: 1960கள்ல இருந்து இங்க சுத்திகரிப்பு ஆலை இருக்கு. பக்கத்துலயே உர ஆலை, பெட்ரோகெமிக்கல் ஆலைகள். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட பட்டியல்ல 'கடுமையாக மாசடைந்த பகுதி'ன்னு மணலி பேர் இருந்துச்சு.

7/ 2023 டிசம்பர் 26 ராத்திரி. எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கோரமண்டல் ஆலைக்கு கப்பல்ல இருந்து அமோனியா கொண்டுவர்ற கடலடிக் குழாய்ல கசிவு. கண் எரிச்சல், மூச்சுத் திணறலோட ஜனங்க குழந்தைகளைத் தூக்கிட்டு தெருவுக்கு ஓடி வந்தாங்க. பல பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க.

8/ அப்படி வர்ற ஆளுக்கு என்ன செய்யணும்? அமோனியாவுக்கு மாற்று மருந்து கிடையாது. ஈரம் பட்ட இடத்துல காரமா மாறி அரிக்கும். கண்ணை உடனே சுத்தமான தண்ணியில நிறைய நேரம் கழுவணும், துணியைக் கழட்டணும், குரல் கம்முதான்னு பார்க்கணும். குரல் கம்முனா தொண்டை வீங்குதுன்னு அர்த்தம். மூச்சுப்பாதை அடைக்கிறதுக்குள்ள குழாய் போட ஆள் வேணும்.

9/ "ஸ்டான்லிக்கு ரெஃபர் பண்ணிடலாமே?"ம்பீங்க. பண்ணலாம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில கன்டெய்னர் லாரி வரிசை எப்படி நிக்கும்னு உங்களுக்கே தெரியும். கண்ணைக் காப்பாத்துறது முதல் சில நிமிஷம். அந்த நிமிஷம் ஸ்டான்லியில நடக்காது. தெருமுனை கிளினிக்ல நடக்கும்.

10/ அதே டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் கலந்துச்சு. காட்டுக்குப்பம் பக்கம் மீனவர்கள் பக்கெட்ல எண்ணெய் அள்ளுன படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. தோல்ல ஒட்டுன எண்ணெயை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது, சமையல் எண்ணெயும் சோப்பும் வெச்சு எடுக்கணும். இதை எந்த சிஎம்இ-யில சொன்னாங்க?

11/ போபால் ஞாபகம் இருக்கா? 1984. ஆயிரக்கணக்கான பேர் ஆஸ்பத்திரி வாசல்ல. உள்ள இருந்த டாக்டர்களுக்கு அது என்ன வாயு, என்ன வைத்தியம்னு யாரும் சொல்லியிருக்கலை. அதுக்கப்புறம் 1989-ல் அபாயகர ரசாயன விதிகள் வந்துச்சு. ஆலைக்கு வெளியே விபத்து நடந்தா என்ன செய்யணும்கிற திட்டத்தை வருஷம் ஒருதடவை ஒத்திகை பார்க்கணும்னு அதுல இருக்கு. அந்த ஒத்திகைக்கு பக்கத்துத் தெரு டாக்டரைக் கூப்பிடறதுல என்ன கஷ்டம்?

12/ இப்போ காசு விஷயம். டாக்டர்கள் மருந்துக் கம்பெனிகிட்ட பரிசு, பயணச்செலவு வாங்கக் கூடாதுன்னு 2009 டிசம்பர்லயே திருத்தம் வந்தாச்சு. 2023 ஆகஸ்ட் 2-ல் தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் கடுமையா விதி கொண்டு வந்துச்சு: கம்பெனி ஸ்பான்சர் பண்ற கருத்தரங்குக்கே போகக் கூடாது. ஆகஸ்ட் 23-ல் அதை நிறுத்தி வெச்சுட்டாங்க. மூணே வாரம்!

13/ "ஸ்பான்சர் இல்லாம கூட்டம் எப்படி நடத்துறது?"ன்னு சக டாக்டர்கள் கேட்பாங்க. அண்ணே, ஓட்டலே வேண்டாம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு ரூம், ஒரு புரொஜக்டர், டீ, வடை. நச்சியல் சொல்லித்தர ஸ்டான்லியில இருந்து ஒருத்தர். ஆலையோட பாதுகாப்பு அதிகாரி, கையில அவங்க வெச்சிருக்கிற ரசாயனப் பட்டியலோட. இதுக்கு எதுக்கு ஸ்பான்சர்?

14/ இன்னொருத்தரையும் கூப்பிடணும்: கால்நடை மருத்துவர். சிரிக்காதீங்க. வெள்ளம் வடிஞ்சதும் வர்ற எலிக்காய்ச்சல் எலி, நாய், மாட்டோட சிறுநீர் வழியா பரவுறது. கடிச்ச நாயைப் பார்த்து ரேபிஸா இல்லையான்னு எடைபோட என்னைவிட அவருக்குத்தான் தெரியும். கடிபட்ட காயத்தை 15 நிமிஷம் சோப்புத் தண்ணியில கழுவணும்னு சொல்ல வேண்டியது நாங்க ரெண்டு பேரும்தான்.

15/ அவங்களும் 5 வருஷத்துக்கு ஒருதடவை பதிவைப் புதுப்பிக்கணும். அவங்களுக்கும் தொடர்கல்வி இருக்கு. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத் தலைமையகம் எங்க இருக்கு? மாதவரம் பால்பண்ணையில. மணலிக்குப் பக்கத்து ஊர். ரெண்டு கவுன்சிலும் சேர்ந்து ஒரே வகுப்பு வெச்சு, ரெண்டு பேருக்கும் கிரெடிட் கொடுத்தா என்ன?

16/ ஆக, நான் கேட்கிறது இதுதான். 30 மணி நேரத்துல 6 மணி நேரம், அந்தந்த ஊரோட ஆபத்துக்குக் கட்டாயம் ஒதுக்கணும். மணலிக்கு ரசாயனம். சிவகாசிக்கு தீக்காயம். டெல்டாவுக்கு பாம்புக்கடியும் பூச்சிமருந்தும். அந்த 6 மணி நேரத்துல கம்பெனி காசு ஒரு பைசா வரக் கூடாது. முடிவுல கையெழுத்து மட்டும் போதாது, கண்ணைக் கழுவிக் காட்டச் சொல்லணும்.

17/ டாக்டர்களுக்கு வேலைப்பளு ஜாஸ்தி, தெரியும். நானும் அதுலதான் இருக்கேன். நான் கூடுதலா ஒரு மணி நேரம்கூட கேட்கலை. இருக்கிற நேரத்தை மாத்துங்கன்னுதான் கேட்கிறேன்.

18/ நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட, குடியிருப்போர் சங்கத்துல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நாளைக்கு ராத்திரி குழாய் உடைஞ்சா, எங்க தெரு டாக்டருக்கு என்ன செய்யணும்னு யார் சொல்லிக் கொடுத்திருக்காங்க?" பதில் வர்ற வரைக்கும் விடாதீங்க. பகிருங்க.