ஆள் சிறுத்த படங்கள்

அலைச்சறுக்குப் பத்திரிகைகளை நான் புரட்டுவது படத்துக்காக மட்டும்தான். பலகை மேல் ஏறி நின்றதில்லை. மெரினாவில் முழங்கால் நனைந்தாலே பின்வாங்குகிற ஆள் நான். அந்தப் படங்களுக்கு நெடுங்காலமாக ஒரே இலக்கணம்: நீலத் தண்ணீர், கரையில் தென்னை, சட்டகம் நிறைய வீரர். கலிபோர்னியப் புகைப்படக்காரர் கிறிஸ் பர்கார்டின் படங்களிலோ அந்த வீரர் போகப்போகச் சிறுத்துக்கொண்டே வருகிறார். சிறுக்க வைத்தது பயணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1986இல் பிறந்த பர்கார்டின் தொடக்கம் சொந்தக் கடற்கரைதான். நண்பர் எரிக் சோடர்க்விஸ்டுடன் ஒரு வேனில் கலிபோர்னியக் கரை நெடுகச் சுற்றியதை 2009இல் இருவரும் புத்தகமாக்கினார்கள். பிறகு பத்திரிகை வேலை, வெயில் தீவுகள். ஊரே பொறாமைப்படும் பிழைப்பு அவருக்குச் சலித்துப்போனது. எங்கு போனாலும் கூட்டம், வைஃபை, முன்னமே பலர் எடுத்துத் தீர்த்த கோணங்கள். 2015இல் டெட் மேடையில் இந்தச் சலிப்பை அவரே பேசினார். அதற்கு அவர் கண்ட மருந்து குளிர்.

நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில், அவர் படமெடுக்கப் போன உன்ஸ்டாட் என்றொரு குடா இருக்கிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, பனி மூடிய மலைகளுக்கு நடுவே. வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பு அங்குவரை எட்டுவதால் கடல் உறைவதில்லை, அலை வருகிறது. நடுக்குளிர்காலத்தில் சில வாரங்கள் சூரியன் எழுவதே இல்லை, பகலில் சிறிது நேரம் மங்கல் வெளிச்சம் மட்டும். சறுக்குகிறவராவது கையால் துழாவித் துழாவி உடம்பைச் சூடாக்கிக்கொள்வார். புகைப்படக்காரர் அலைக்காக மிதந்தபடி காத்திருக்க வேண்டும். மீன்கண் லென்ஸ் போட்டால் வீரர் கைக்கெட்டும் தூரத்தில் வரும்வரை பொத்தானை அமுக்கிப் பயனில்லை. தடித்த கையுறைக்குள் விரல் மரத்துப்போயிருக்கும். உடல் விறைக்கும் எல்லைவரை போனதாக அவரே சொல்லியிருக்கிறார். கரையேறி, மேட்டில் நின்று எடுத்தால்? மலை முழுதாகச் சட்டகத்துக்குள் வந்துவிடும், வீரர் கறுப்புப் புள்ளியாகிவிடுவார். அழகியல் என்று நாம் கொண்டாடுவதில் பாதி, குளிர் எடுத்த முடிவாக இருக்கலாம். இது என் ஊகம்தான்.

2017இல் வெளியான ‘அண்டர் அன் ஆர்க்டிக் ஸ்கை’ படத்துக்காக ஐஸ்லாந்தின் வடமேற்குக்கு நடுக்குளிர்காலத்தில் ஆட்களைக் கூட்டிப்போனார். பெரும்புயல் மடக்கியது. கடைசியில் துருவ ஒளிக்குக் கீழே சறுக்கினார்கள். அந்த ஒளியை எடுக்க வழக்கமாக ஷட்டரைச் சில விநாடிகள் திறந்து வைப்பார்கள்; அலைமேல் விரைகிறவர் அதற்குள் கலங்கிப் போவார். இருட்டிலும் பார்வையுள்ள புதுக் கேமராக்கள் வந்திராவிட்டால் அந்தக் காட்சி இல்லை.

திரும்பத் திரும்ப ஐஸ்லாந்து போனவர் கடலைவிட்டு மேலே ஏறினார். 2020இல் வந்த ‘அட் கிளேஷியர்ஸ் எண்ட்’ நூலில் வானிலிருந்து எடுத்த பனியாற்று நதிகள். வண்டலும் நீரும் பின்னிப் பிரிகிற கோடுகள். அலையும் இல்லை, வீரரும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஹவாயின் புகைப்படக்காரர் கிளார்க் லிட்டில் வீட்டுப் பக்கத்துக் கரையை வைத்தே இதே இடத்துக்கு வந்து சேர்ந்தவர். படுக்கையறைச் சுவரில் மாட்ட மனைவி ஓர் அலைப்படம் வாங்கிவர, இதைவிட நன்றாக நானே எடுப்பேன் என்று 2007இல் கேமராவோடு கரையுடைப்பு அலைக்குள் புகுந்தார். அவர் பேர்பெற்றது அலையின் உட்குகையை எடுத்த படங்களால். அவற்றிலும் ஆள் கிடையாது.

பயணப்பை இல்லாமலும் அங்கே போகலாம் என்று லிட்டிலைக் காட்டி யாராவது வாதிட்டால் மறுக்க மாட்டேன். ஆனாலும் என் ஓட்டு பர்கார்டின் நடுக்காலத்துக்கு, அந்தக் கறுப்புப் புள்ளி மிச்சமிருக்கும் படங்களுக்கு. தண்ணீர் எவ்வளவு குளிரும் என்று மலையைப் பார்த்தால் எனக்குத் தெரிவதில்லை. உள்ளே ஒருத்தர் இறங்கியிருக்க வேண்டும்.