பழைய செட்டும் புதிய புலம்பலும்

மலையகக் கலைகள் பேசப்படும் கருத்தரங்குகளில் ஒரு புலம்பல் தவறாது ஒலிக்கின்றது. பழைய தப்புச் செட் இப்போது இல்லை, ஆட்கள் மாறிவிட்டனர், அடி கெட்டுவிட்டது, காமன் கூத்தில் ரதி வரும்போது அடிக்கவேண்டிய அடி எது, வீரபத்திரன் வரும்போது அடிக்கவேண்டிய அடி எது என்று அறியாத பையன்கள் தப்பெடுக்கின்றனர் என்பதே அதன் சாரம். கேட்போர் தலையசைக்கின்றனர். ஆனால் அப்புலம்பலின் அடியில் ஒரு கோரிக்கை உறங்குவதை எவரும் காண்பதில்லை. பழைய செட் குலையாதிருந்திருக்க வேண்டுமெனின், தகப்பன் அடித்த தப்பை மகன் அடித்திருக்கவேண்டும். மகன் அடித்ததைப் பேரன் அடித்திருக்கவேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இருந்திருக்கலாகாது. இதனைக் கலைப்பற்று என்று அழைப்பது சொல்லுக்கு இழைக்கும் அநீதியாகும்.

பழைய செட் எவ்வாறு சேர்ந்தது என்பதை முதலில் நோக்குதல் தகும். அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் தப்படித்தோர் பெரும்பாலும் பறையர் சமூகத்தவர். தமிழகக் கிராமத்தில் அவர்மீது சுமத்தப்பட்டிருந்த கடமை, கங்காணியின் பின்னே கடல் கடந்து லயத்திற்கும் வந்து சேர்ந்தது. இழவு வீட்டிற்கு அழைப்பு வந்தால் மறுக்கமுடியாது. திருவிழாவில் தெய்வத்திற்கு முன்னே அடிக்கலாம், ஆயின் வரிசையில் நிற்கவேண்டிய இடம் வேறு. துரைமாருக்கும் தப்பு பயன்பட்டது. விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்திற்கு அழைத்தது அதன் ஒலியே. சி. வி. வேலுப்பிள்ளை 1950களில் வெளியிட்ட ஆங்கிலக் கவிதை நூலில் தேயிலைமலையின் விடியல் அந்த ஒலியோடுதான் தொடங்குகின்றது. சாதியும் முதலும் ஒரே தோலில் இரு குச்சிகளாய் விழுந்தன எனலாம்.

இத்தகைய குழுவை உலகின் பிற இசைக்குழுக்களுடன் ஒப்பிடுவோரும் உளர். ஒப்பீடு தவறன்று, முடிவுதான் தவறு. இங்கிலாந்தின் றொக் இசைக்குழுக்களில் ஆள் மாறாத குழுவைத் தேடிக் காண்பது அரிது. 1968இல் தோன்றிய டீப் பேர்ப்பிள் குழுவில் பாடகர் மாறினார், கிற்றார் கலைஞர் மாறினார். தொடக்கம் முதல் இன்றுவரை எல்லா அணிகளிலும் இருந்தவர் முரசு வாசிக்கும் இயன் பெய்ஸ் ஒருவரே. றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவைத் தொடங்கியோருள் ஒருவரான பிறையன் ஜோன்ஸ் 1969இல் விலக்கப்பட்டார். அவரிடத்திற்கு வந்த மிக் ரெய்லரும் 1974இல் விலகினார். 1963 முதல் முரசொலித்த சார்ளி வாட்ஸ் 2021இல் மறைந்தார். குழு நின்றுவிடவில்லை. எந்த அணி சிறந்தது என்று இரசிகர் இன்றும் வாதிடுகின்றனர். வாதிடட்டும், அது இன்பமான வாதம். ஏனெனின் அங்கு வந்தவரும் விரும்பி வந்தார். போனவரும் பெரும்பாலும் சண்டையிட்டோ சலித்தோ போனார். எவரையும் பிறப்புச் சேர்க்கவில்லை. எவரையும் இரு பிரதமர்கள் கூடிக் கையெழுத்திட்டு அனுப்பவில்லை.

தப்புச் செட்டின் வரலாறோ வேறு. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 மக்களை எண்களாக்கி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அம்மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு ஒரு நாடும் தம்பிக்கு ஒரு நாடுமாகக் குடும்பங்கள் பிரிந்தபோது, சேர்ந்து அடித்த கைகளும் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பலேறியோரில் ஒரு பகுதியினர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலையே பறித்தனர். எஞ்சியோரை 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களைத் தாக்கிய பட்டினி வாட்டியது. 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்கள் பலரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் விரட்டின. அவர்களின் பிள்ளைகளுக்குப் பின்வந்த தலைமுறை கொழும்பின் கடைகளுக்கும் வீடுகளுக்கும் போயிற்று. செட் குலைந்த கதை இதுவே. இதில் அடி கெட்டதற்காகப் பையன்களைக் கடிந்துகொள்வோர் ஒப்பந்தத்தையும் பசியையும் ஏன் கடிந்துகொள்வதில்லை?

இழப்பு இல்லையென்று வாதிடுவது மடமை. இழப்பு உண்டு, பெரிது. தப்பின் அடிகள் ஏட்டில் இருந்தவையல்ல, கையில் இருந்தவை. அருகே நின்று, நெருப்பில் தோலைக் காய்ச்சிக் கொடுத்து, மூடுபனியில் அது எவ்வளவு விரைவில் தளரும் என்று விரலால் அறிந்து, பல மாசி மாதங்கள் காமன் நட்ட இடத்தில் விழித்திருந்து பெறப்பட்டவை. ஒரு கை கப்பலேறினால் ஓர் அடி கப்பலேறியது. ஆயினும் அக்கைகள் தோட்டத்தில் இருந்த காலத்தில் அவற்றைப் பதிவுசெய்ய ஒலிப்பதிவுக் கருவியோடு ஏறிச்சென்றோர் எத்தனை பேர்? இருந்தபோது தீண்டாதவர், போனபின் தேடுகின்றனர்.

இவ்விடத்து ஒரு முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைக்குக் கொணர்ந்து, ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். களரியில் ஆடிய கிராமத்தவரின் இடத்தில் பட்டப்படிப்பு மாணவர் நின்றனர். அதுவும் ஆள் மாற்றமே. அதனைத் தமிழுலகம் மறுமலர்ச்சி என்று போற்றிற்று, போற்றியது சரியே. ஆனால் கலை மேல் நோக்கிச் செல்லும்போது நிகழும் ஆள் மாற்றம் மறுமலர்ச்சியாகவும், தப்படித்தவரின் மகன் ஆசிரியராகித் தப்பைக் கீழே வைக்கும்போது நிகழும் ஆள் மாற்றம் சிதைவாகவும் தோன்றுவது எந்த அளவுகோலால்? அம்மகன் கீழே வைத்தது ஓர் இசைக்கருவியை மட்டுமன்று. லயத்தில் தன் தகப்பனை அழைத்த வசைச்சொல்லையும் சேர்த்தே வைத்தான். அவனை மீண்டும் எடு என்று கேட்கும் உரிமை, ஒருநாளும் எடுக்கவேண்டியிராத குடும்பத்தில் பிறந்தவருக்கு இல்லை.

எடுப்பவர் விரும்பி எடுக்கும்போது நிலைமை மாறுகின்றது. திண்டுக்கல்லில் 1990இல் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையெடுத்தனர். ஆண்களுக்கே உரியதென்றும் இழவுக்கே உரியதென்றும் கருதப்பட்ட கருவி, அக்கைகளில் வேறு பொருள் கொண்டது. 2017இல் பா. இரஞ்சித்தின் முயற்சியால் சென்னையில் உருவாகிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பறையும் கானாவும் றொக் கிற்றாரும் ஒரே மேடையில் நின்றன. அடி பழையதா என்று அளக்கும் கோலால் இவற்றை அளக்கமுடியாது.

அக்குழுவில் பாடிய அறிவின் கதை மலையகத்தவர் அனைவரும் அறியவேண்டியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர் அவருடைய பாட்டி. அந்த நினைவு 2021இல் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலில் ஊடுருவி, உலகெங்கும் ஒலித்தது. அவ்வாண்டு ஓகஸ்ற்றில் ‘றோலிங் ஸ்ரோன் இந்தியா’ சஞ்சிகையின் அட்டையில் அப்பாடலைப் பாடிய தீயின் படம் வந்தது. அறிவின் படம் வரவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் அவருக்கு இணைய அட்டை ஒன்று வெளியிடப்பட்டது. 2022 யூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் மீண்டும் ஒலித்தது, அறிவு இன்றி. அவர் அப்போது நாட்டில் இல்லை என்பது விளக்கம். விளக்கம் உண்மையாயினும் வினா எஞ்சுகின்றது. மேடையில் ஆள் மாறலாம். மாறும் ஒவ்வொரு முறையும் இல்லாமற்போகின்றவர் தோட்டத்துப் பாட்டியின் பேரனாக இருப்பது ஏன்?

ஆள் மாற்றம் பற்றிக் கவலை கொள்வோர் கவலைப்படவேண்டிய இடம் இதுவே. யார் அடிக்கின்றார் என்பதிலும் பார்க்க, அடிப்பவருக்கு என்ன கிடைக்கின்றது, அவர் பெயர் எங்கே நிற்கின்றது என்பதே கேள்வி. தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாட்கூலி. முழுப்பேர், அரைப்பேர் என்று அதை வெட்டவும் செய்வர். செக்றோலிலாவது தப்படித்தவருக்கு ஒரு பேர் இருந்தது. கலைவிழாக்களின் நிகழ்ச்சி நிரலில் வயலின் வாசிப்பவரின் பெயர் பட்டத்தோடு அச்சாகின்றது. மிருதங்கம் வாசிப்பவரின் பெயரும் அச்சாகின்றது. பிரதம விருந்தினரை வாயிலிலிருந்து மண்டபம்வரை அழைத்துவரும் தப்புக்கு நேரே ‘குழுவினர்’ என்ற ஒரு சொல்தான். பல மணி நேரம் பஸ்ஸில் வந்து, பத்து நிமிடம் அடித்து, தேநீரருந்தித் திரும்பும் அவர்களைப் பற்றி அடுத்த அமர்விலேயே ஆய்வுக் கட்டுரை வாசிக்கப்படுகின்றது. அதைக் கேட்க அவர்கள் இருப்பதில்லை, கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும்.

விழாக் குழுவினர் தோட்டத்துக்கு ஆளனுப்பி எத்தனை பேர் வருவர், எவ்வளவு கேட்பர் என்று விசாரிப்பது வழக்கம். அந்த ஆள் அவர்களின் பெயர்களையும் எழுதிவரலாம். அச்சிடத் தாளில் இடமில்லை என்று சொல்லமுடியாது; அனுசரணையாளரின் விளம்பரத்திற்கு ஒரு முழுப்பக்கம் கிடைக்கின்றதே.